மூன்றாவது ஆள்

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



"எதைப் பற்றி வேண்டுமானாலும் எழுது. ஆனா நட்பு, அம்மா, வரதட்சணை, மரம் வளர்ப்போம் இந்த நாலும் ஏற்கெனவே வந்தாச்சு" என்று மலர்க் குழுவினர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். யோசித்துப் பார்த்தேன். மிச்சம் எனக்கு உருப்படியாகத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். வீடியோ கேம்!

சிரிக்காதீர்கள். இந்த மலரில் சூரிய சக்தி பற்றியும் ரோபோட் பற்றியும் எழுதியிருக்கும் அறிவாளிகள் நடுவே இவன் ஒருத்தன் பொம்மைச் சண்டையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டானே என்று நினைப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். ஆறாவது செமஸ்டர் ஆரம்பித்த முதல் வாரத்தில் எங்கள் ஹாஸ்டலில் நடந்த ஒரு நிஜச் சண்டையைத் தீர்த்து வைத்ததே இந்தப் பொம்மைச் சண்டைதான். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஒரு கேள்வி. முஸ்தபா கேம் தெரியாதவர்கள் கை தூக்குங்கள்! ஒருத்தரும் தூக்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். நாம் பிறப்பதற்கு முன்பே, 1993-ல் ஜப்பானின் கேப்காம் கம்பெனி வெளியிட்ட 'கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்' என்ற ஆட்டம்தான் அது. அதில் நாலு பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கலாம். ஜாக், ஹன்னா, முஸ்தபா, மெஸ். ஆனால் நம்ம ஊரில் யாராவது "ஜாக் கேம்" என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? பச்சைச் சட்டையோ மஞ்சள் தொப்பியோ, ஓடி வந்து காலால் உதைக்கும் அந்த முஸ்தபாவின் பெயரே ஆட்டத்துக்கும் பெயராகிவிட்டது. கம்பெனி யாரை நாயகன் என்று நினைத்தது என்பது வேறு. யாரை நாம் நம் ஆளாக எடுத்துக்கொள்கிறோம் என்பது வேறு. நான் இந்தக் கட்டுரையில் சொல்லப் போவதற்கு இதுதான் பிள்ளையார் சுழி.

ஐம்பத்தாறு பேர் கொண்ட அணிவகுப்பு

அதே கேப்காம் கம்பெனி 1994-ல் அமெரிக்காவின் மார்வெல் காமிக்ஸ் நாயகர்களை வைத்துச் சண்டை ஆட்டம் தயாரிக்க ஆரம்பித்தது. முதலில் எக்ஸ்-மென் மட்டும். 1996-ல் எக்ஸ்-மென் ஒரு பக்கம், தன்னுடைய ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆட்கள் மறு பக்கம், இரண்டு இரண்டு பேராக மோதவிட்டது. 1998-ல் 'மார்வெல் வெர்சஸ் கேப்காம்'. 2000-ல் அதன் இரண்டாம் பாகம். இந்த இரண்டாம் பாகம்தான் இன்றைய கட்டுரையின் கதாநாயகன்.

சினிமாவில் இரண்டாம் பாகம் என்றாலே நமக்கு வயிற்றைக் கலக்கும். முதல் பாகத்தின் பெயரைச் சொல்லிப் பாதி விலைக்குச் சரக்கை விற்பார்கள். ஆனால் இந்த ஆட்டத்தில் நேர்மாறு. முதல் பாகத்தில் இரண்டு பேர் அணி; இரண்டாம் பாகத்தில் மூன்று பேர் அணி. தேர்ந்தெடுக்க மொத்தம் 56 பேர். மார்வெல் 28, கேப்காம் 28. ஒரே திரையில் 56 முகங்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்தால் நம்ம காலேஜ் குரூப் போட்டோ மாதிரி இருக்கும்.

குரூப் போட்டோ என்றால் அதில் எல்லா வகை ஆளும் இருப்பார்கள் அல்லவா? இதிலும் அப்படியே. ஸ்பைடர்மேன், ஹல்க், கேப்டன் அமெரிக்கா என்று ஊரறிந்தவர்கள் முன்வரிசை. வோல்வரின் மட்டும் இரண்டு பேர்! ஒருவருக்கு உலோக நகம், இன்னொருவருக்கு எலும்பு நகம். அட்டெண்டன்ஸில் ஒரே பெயர் இரண்டு தடவை வந்தால் வாத்தியார் என்ன சொல்வார் என்று யோசித்துப் பாருங்கள். அப்புறம் அமிங்கோ என்று ஒரு கள்ளிச்செடி. ஆமாம், நிஜமாகவே கள்ளிச்செடி சண்டை போடுகிறது. சர்வ்பாட் என்று ஒரு குட்டி ரோபோ. அது அடித்தால் எதிரிக்கு வலிக்கிறதா, கூச்சமாக இருக்கிறதா என்றே தெரியாது.

எங்கள் ரூமில் துறைவாரியாக இவர்களைப் பங்கு பிரித்துவிட்டோம். அயர்ன் மேன் சந்தேகமே இல்லாமல் மெக்கானிக்கல். தன் உடுப்பைத் தானே பட்டறையில் அடித்துச் செய்தவர் ஆயிற்றே. மேக்னீட்டோவை எலெக்ட்ரிகல்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். ராட்சத ரோபோ சென்டினலை இ.சி.இ. எடுத்துக்கொண்டது. சிவில்காரர்களுக்கு ஹல்க்கைக் கொடுத்தோம். "அவன் கட்டமாட்டான்டா, இடிப்பான்" என்று கோபித்துக்கொண்டார்கள்!

இந்தியாவிலிருந்து ஒரே ஆள் தால்சிம். 1991-ல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் இரண்டாம் பாகத்திலேயே இருந்தவர். கையையும் காலையும் ரப்பர் மாதிரி நீட்டுவார், வாயால் நெருப்பு ஊதுவார், கழுத்தில் மண்டையோட்டு மாலை. யோகா செய்தால் நெருப்பு வரும் என்று ஜப்பான்காரருக்கு யார் சொன்னார்களோ! யோகாவும் தியானமும் தேடி உலகத்தின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் வெள்ளைக்காரர்கள் வந்து இறங்கும் ஊர் நம் திருவண்ணாமலை. கிரிவலப் பாதையில் 14 கிலோமீட்டர் வெறுங்காலில் நடக்கிற எத்தனையோ சாமியார்களைப் பார்த்திருக்கிறோம். ஒருத்தர் கையும் ஒரு இஞ்சுகூட நீண்டதில்லை. இருந்தாலும் தால்சிம் திரையில் வந்தால் எங்களுக்கு ஒரு சந்தோஷம்தான். நம்மாளு!

மூன்றாவது ஆள் என்ன செய்கிறான்?

இனி ஆட்டத்தின் சூட்சுமம். புரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். தெரிந்தவர்கள் அடுத்த பகுதிக்குத் தாவலாம்.

மூன்று பேரைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். ஒருவர் களத்தில் நிற்பார். மற்ற இருவரும் வெளியே. பட்டனைத் தட்டினால் வெளியே இருப்பவரில் ஒருவர் ஓடிவந்து ஒரே ஒரு அடி அடித்துவிட்டு, அல்லது ஒரு தடுப்பைப் போட்டுவிட்டுப் போய்விடுவார். இதற்குத்தான் 'அசிஸ்ட்' என்று பெயர். ஒவ்வொருவருக்கும் ஆல்ஃபா, பீட்டா, காமா என்று மூன்று வகை உதவி உண்டு. ஆட்டம் தொடங்கும் முன்பே எது வேண்டும் என்று முடிவு செய்துவிட வேண்டும்.

உதவிக்கு வந்தவருக்கும் அடி விழும். கூப்பிட்ட நேரம் தப்பாகிவிட்டால் களத்தில் நிற்பவரும் உதவிக்கு வந்தவரும் ஒன்றாக மாட்டிக்கொண்டு ஒரே சாத்தில் உதை வாங்குவார்கள். இதற்கு ஆட்டக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? 'ஹேப்பி பர்த்டே'! எதிரிக்குப் பிறந்தநாள் பரிசு கிடைத்த மாதிரி என்று அர்த்தம்.

வெளியே ஓய்வெடுப்பவருக்கு இழந்த உயிரில் ஒரு பகுதி மெல்ல மெல்லத் திரும்பும். பெரிய அடிகளுக்கான சக்தி மூன்று பேருக்கும் பொது. ஒரே உண்டியல். ஒருத்தன் ஊதாரித்தனமாகச் செலவழித்தால் மற்ற இருவருக்கும் பட்டினி. ஹாஸ்டல் மெஸ் பில் கட்டியவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

முக்கியமான விஷயம் இனிதான். இரண்டு பேர் விழுந்துவிட்டால் மூன்றாவது ஆள் தனியாக நிற்க வேண்டும். அவனுக்கு உதவிக்கு வர யாரும் இல்லை. அதுவரை ஓடிவந்து ஒரு அடி அடித்துவிட்டுப் போனவன், அப்போது முழு ஆட்டத்தையும் தன் தோளில் சுமக்க வேண்டும்.

நாலு பேர் ராஜ்ஜியமும் ஒரு கேப்டனும்

"என்னடா பெரிய ஐம்பத்தாறு? போட்டியில ஆடுறவன் எல்லாம் அதே நாலு பேரைத்தானே எடுக்கிறான்!" இது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியில் கேம் சென்டர் வைத்திருக்கும் அண்ணன் அடிக்கடி சொல்வது. அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மேக்னீட்டோ, ஸ்டார்ம், சென்டினல், கேபிள். இந்த நாலு பேரையும் ஆட்டக்காரர்கள் தெய்வங்கள் என்றே சொல்வார்கள். அமெரிக்காவில் நடக்கும் ஈவோ என்ற பெரிய போட்டியில் பல முறை ஜெயித்த ஜஸ்டின் வாங்கின் பழைய ஆட்டங்களைப் பாருங்கள். சுற்றிச் சுற்றி இதே முகங்கள்தான் வரும்.

அப்படியானால் மற்ற ஐம்பது பேர் சும்மா தோரணமா? இல்லை. இங்கேதான் எனக்குப் பிடித்த ஆள் வருகிறார். கேப்டன் கமாண்டோ.

கேப்காம் என்ற கம்பெனிப் பெயரிலிருந்தே பிறந்தவர் இவர். 1991-ல் இவர் பெயரிலேயே ஒரு ஆட்டம் வந்தது. மம்மி, நிஞ்சா, ரோபோவில் உட்கார்ந்திருக்கும் ஒரு கைக்குழந்தை ஆகிய மூவருக்கும் தலைவர். பிரவுசிங் சென்டர் காலத்து அண்ணன்மார்களைக் கேட்டால் முஸ்தபாவுக்கு அடுத்தபடி இதைச் சொல்வார்கள். அப்பேர்ப்பட்ட தலைவர் 2000-த்தில் வந்த இந்த ஆட்டத்தில் தனி ஆளாக அவ்வளவு பலசாலி இல்லை. மேக்னீட்டோ முன்னால் நிறுத்தினால் பாவமாக இருக்கும்.

ஆனால் உதவிக்குக் கூப்பிட்டுப் பாருங்கள்! ஓடிவந்து கையைத் தூக்குவார். தரையிலிருந்து வானம் வரை மின்னல் தூண் ஒன்று எழும். மேலே இருந்து பாய்ந்து வரும் எதிரி அதில் மாட்டிக்கொண்டு துடிப்பான். இந்த ஒரு அடிக்காகவே ஸ்டார்ம், சென்டினல் மாதிரி தெய்வங்களின் பக்கத்தில் இவருக்கு நிரந்தர இடம். அதேபோலத்தான் சைலாக் என்ற பெண்ணும். மேக்னீட்டோ, ஸ்டார்ம், சைலாக் மூவரும் சேர்ந்த அணி மிகப் பிரபலம். சைலாக்கை அதில் எடுப்பது அவளுடைய உதவிக்காகவே.

"அப்போ அவனையும் வேலைக்காகத்தான எடுக்கிறாங்க? அவன் மேல பாசமா என்ன?" என்று அண்ணன் மடக்கினார். நான் யோசித்துவிட்டுச் சொன்னேன்: "வேலைக்காகத்தான் எடுக்குறாங்கண்ணே. ஆனா எடுத்த பிறகு அவனுக்குப் பேரு இருக்கு, முகம் இருக்கு, உயிர்க்கோடு இருக்கு. மத்த ரெண்டு பேரும் விழுந்தா இவனை வச்சுத்தான் ஆடணும். அதனால இவனையும் கத்துக்கிட்டுத்தான் ஆகணும்." அண்ணன் பதில் சொல்லவில்லை. "இன்னா, இன்னொரு மணி நேரம் போடட்டுமா?" என்றார். வியாபாரி!

சிவகாசியில் செய்திருந்தால்?

நடுவில் ஒரு சின்ன இளைப்பாறல். நமக்கென்று சூப்பர் ஹீரோ இல்லையா என்று சிலர் கேட்பார்கள். தமிழ்நாட்டில் நம் அப்பா, சித்தப்பாமார்களுக்கு சூப்பர் ஹீரோக்கள் சிவகாசியிலிருந்துதான் வந்தார்கள். 1972-ல் தொடங்கிய முத்து காமிக்ஸ், 1984-ல் தொடங்கிய லயன் காமிக்ஸ். ஆட்கள் பிறந்தது இங்கிலாந்தில் என்றாலும் வளர்ந்தது நம்ம ஊர்ப் பெட்டிக்கடையில்.

அவர்களை வைத்து ஒரு மூவர் அணி அமைத்தால் என் தேர்வு இது. முதல் ஆள் இரும்புக்கை மாயாவி. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியும். (கரண்ட் கட் ஆனால் என்ன செய்வார் என்று கேட்காதீர்கள்.) இரண்டாவது ஸ்பைடர். அமெரிக்க ஸ்பைடர்மேன் இல்லை ஐயா, வலைத் துப்பாக்கியோடு அலையும் பழைய குற்றச் சக்கரவர்த்தி. வில்லனாக இருந்து நல்லவரானவர் என்பதால் எந்த அடியும் அவருக்குத் தெரியும். மூன்றாவது சட்டித்தலையன் ஆர்ச்சி. இயந்திர மனிதன். வாய் நீளம். ஆனால் பாரம் தூக்கவும் கதவை உடைக்கவும் அவனை விட்டால் ஆள் இல்லை. என் அப்பாவிடம் இந்த அணியைச் சொன்னபோது, "மாயாவிய விட்டுடு, ஆர்ச்சிய மட்டும் எடுத்துடாத" என்றார். அவரும் மூன்றாவது ஆள் கட்சி என்று அன்றுதான் தெரிந்தது!

அடுத்தடுத்த பாகங்கள்

இரண்டாம் பாகத்துக்குப் பிறகு பதினோரு வருடம் ஒன்றும் வரவில்லை. 2011 பிப்ரவரியில் மூன்றாம் பாகம் வந்தது. ஆட்கள் 36. மூவர் அணியும் உதவியும் அப்படியே இருந்தன. நல்ல ஆட்டம். ஆனால் பட்டியலைப் பார்த்து என்னைப் போன்றவர்கள் தேடுவது இல்லாதவர்களைத்தான். கேபிள் இல்லை, சைலாக் இல்லை, தால்சிம் இல்லை. கேப்டன் கமாண்டோவும் இல்லை! கம்பெனியின் பெயரைத் தாங்கியவருக்கே இடம் இல்லை. அதே ஆண்டு நவம்பரில், ஒன்பதே மாதத்தில், இன்னும் 12 பேரைச் சேர்த்து 'அல்டிமேட்' என்று மறுபடி விற்றார்கள். முதலில் காசு கொடுத்து வாங்கியவர்கள் பல்லைக் கடித்தார்கள். இருந்தாலும் அந்தப் பன்னிரண்டு பேரில் ஃபீனிக்ஸ் ரைட் என்று ஒரு வக்கீல் உண்டு. கோட்டும் டையுமாகச் சண்டைக்கு நடுவே சாட்சியங்களைப் பொறுக்கிச் சேர்ப்பார். அந்த ஒரு ஆளுக்காக மன்னித்துவிடலாம்.

2017-ல் 'மார்வெல் வெர்சஸ் கேப்காம் இன்ஃபினிட்' வந்தது. இங்கேதான் கதை கவிழ்ந்தது.

மூவர் அணியை இருவர் அணியாகக் குறைத்தார்கள். பட்டனைத் தட்டினால் ஓடிவரும் பழைய உதவி போய்விட்டது. மூன்றாவது ஆள் நின்ற இடத்தில் ஆறு மாயக் கற்களில் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஆம் நண்பர்களே, ஆளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கல்லை வைத்தார்கள்! வெளியானபோது ஆட்கள் 30. அதில் எக்ஸ்-மென் ஒருவர்கூட இல்லை. இரண்டாம் பாகத்தின் 28 மார்வெல் ஆட்களில் பாதிக்கு மேல் எக்ஸ்-மென் கதையைச் சேர்ந்தவர்கள் என்பதை நினைவில் வையுங்கள். வோல்வரின் இல்லை. ஸ்டார்ம் இல்லை. தொடர் தொடங்கியதே எவரை வைத்தோ அவர்களே வெளியே. எக்ஸ்-மென் சினிமா உரிமை அப்போது ஃபாக்ஸ் கம்பெனியிடம் இருந்தது, அதனால்தான் கழற்றிவிட்டார்கள் என்று ரசிகர்கள் பேசிக்கொண்டார்கள்.

இல்லாததைக்கூடப் பொறுத்திருப்பார்கள். அதற்குச் சொன்ன சமாதானத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. ஆட்டம் வெளிவருமுன் கேப்காம் தரப்பிலிருந்து பேட்டி கொடுத்தவர் சொன்னதன் சாரம் இது: ஆட்டத்தில் பாத்திரங்கள் என்பவை வெறும் செயல்பாடுகள்தான், மேக்னீட்டோவை உங்களுக்குப் பிடிக்கும் என்றால் அவன் எல்லாத் திசையிலும் பாய்வதால்தானே, அதே மாதிரி பாய நோவா இருக்கிறான், அவனை எடுத்துக்கொள்ளுங்கள். ரசிகர்கள் கொதித்துப் போனார்கள்.

நியாயமாகச் சொன்னால் அந்த ஆட்டம் ஆடுவதற்கு மோசமில்லை. இருவரையும் நினைத்த மாத்திரத்தில் மாற்றி மாற்றி ஆடலாம். கை பழகியவர்கள் ரசித்தார்கள். ஆனால் மனசு ஒட்டவில்லை. மறு வருடமே, 2018 ஈவோ போட்டியின் பிரதானப் பட்டியலில் அந்த ஆட்டத்துக்கு இடம் கிடைக்கவில்லை.

பழைய இரண்டாம் பாகத்தின் கதையைப் பாருங்கள். 2009-ல் வீட்டில் ஆடும்படி இணையத்தில் விற்பனைக்கு வந்தது. 2013 வாக்கில் அதையும் எடுத்துவிட்டார்கள். ஏறக்குறைய பத்து வருடம் கடையில் கிடைக்கவில்லை. 2021-ல் ரசிகர்கள் அதைத் திரும்பக் கொடுங்கள் என்று இணையத்தில் இயக்கமே நடத்தினார்கள். 2024 செப்டம்பரில் பழைய ஏழு ஆட்டங்களைச் சேர்த்து ஒரே தொகுப்பாகக் கேப்காம் வெளியிட்டது. அதில்தான் நானும் என் ரூம்காரர்களும் ஆடுகிறோம். ஐம்பத்தாறு பேரும் இருக்கிறார்கள். கள்ளிச்செடி உட்பட.

செயல்பாடு என்றால் யார்?

"பாத்திரம் என்பது வெறும் செயல்பாடு." இந்த வாதத்தை முதன்முறை படித்தபோது எனக்கு விளையாட்டு ஞாபகம் வரவில்லை. ஒரகடத்தில் வேலை பார்க்கும் எங்கள் சீனியர் அண்ணன் ஞாபகம்தான் வந்தது.

1961-ம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி டிப்ளமோ முடித்தவருக்கு ஒரு வருடப் பயிற்சி. பயிற்சி முடிந்தபின் வேலை கொடுத்தே தீரவேண்டும் என்று பொதுவாகக் கட்டாயம் கிடையாது. அண்ணன் ஒரு கம்பெனியில் அந்த ஒரு வருடத்தை முடித்தார். மெஷினின் சத்தத்தை வைத்தே எங்கே பேரிங் போகப் போகிறது என்று சொல்லக் கற்றுக்கொண்டார். கடைசி நாள் கேட்டில் கார்டை வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் அதே மெஷினில் புது பேட்ச் பையன். "அவன் என் இடத்துல நிக்கல தம்பி. பட்டன அழுத்துற இடத்துல நிக்கிறான்" என்றார் அண்ணன். இப்போது வேறு இடத்தில் கான்ட்ராக்டில் இருக்கிறார். செய்யாறு சிப்காட் பக்கம் வந்தால் வீட்டிலிருந்தே போய் வரலாமே என்று விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கிறார்.

மேக்னீட்டோ போனால் நோவா. இந்த அப்ரண்டிஸ் போனால் அடுத்த அப்ரண்டிஸ். இதை மாற்றும் சக்தி இன்று நம் கையில் இல்லை. ஆனால் நம் கையில் இருக்கும் இடத்திலாவது அப்படி நடக்காமல் இருக்கலாமே! அப்படி ஒரு இடம் எது? புராஜெக்ட் பேட்ச்!

மல்லாட்டை மிஷின்

முதலில் சொன்ன ஹாஸ்டல் சண்டைக்கு வந்துவிட்டேன். ஆறு பேர் கொண்ட பேட்ச். மல்லாட்டை உரிக்கும் மிதி இயந்திரம் செய்வது என்று முடிவு. நம்ம மாவட்டத்துக்கு மல்லாட்டையை விட்டால் வேறு என்ன? ஐந்து பேர் உடனே சேர்ந்துவிட்டோம். ஆறாவது ஆளாக எங்கள் ரூம்காரன் ஒருவனைச் சொன்னேன். செங்கம் பக்கம் கிராமம். அவனுக்கு அரியர் மூன்று. இங்கிலீஷில் ரிப்போர்ட் எழுதத் தெரியாது. மற்றவர்கள் தயங்கினார்கள்.

"மச்சான், வெல்டிங் வெளிய பட்டறையில குடுத்துக்கலாம்டா. அவனுக்குப் பதிலா டைப் பண்றவன் ஒருத்தன எடுத்தா ரிப்போர்ட் முடிஞ்சிரும்."

"அவன் வெல்டிங் மட்டும் இல்லடா. அவங்க ஊர்ல களத்துல நின்னவன்."

"மார்க்கு போயிரும்டா!"

வார்த்தை தடித்துவிட்டது. அவன் காதில் விழும்படியே பேசிவிட்டார்கள். அவன் எழுந்து தண்ணீர் பிடிக்கப் போய்விட்டான். அன்று ராத்திரி வழக்கம்போல ஆட்டம் போட்டபோது, அரியர் என்று முதலில் வாய் திறந்தவன் தன் அணியில் ஸ்டார்ம், சென்டினல், அப்புறம் கேப்டன் கமாண்டோவை எடுத்தான். நான் சும்மா கேட்டேன்: "ஏன்டா, தனியா நின்னா அவன் வேஸ்ட்டு. இங்கிலீஷும் பேச மாட்டான். அவன ஏன் எடுத்த?" அவன் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு என்னை முறைத்தான். அப்புறம் சிரித்துவிட்டான். மறுநாள் காலை ஹெச்.ஓ.டி. அறையில் கொடுத்த பட்டியலில் ஆறு பெயர் இருந்தது.

முதல் ரிவ்யூவுக்கு முன் மிஷினை ஓட்டிப் பார்த்தோம். தோல் உரிந்தது, கூடவே பருப்பும் பாதி உடைந்தது. நாங்கள் ஐந்து பேரும் மிதிக்கும் வேகத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். அவன் கீழே குனிந்து, சுற்றும் கட்டைக்கும் சல்லடைக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தான். "இடைவெளி பத்தாதுடா. நம்மூரு கொட்ட பெருசு" என்றான். இரண்டு வாஷர் வைத்துச் சல்லடையை இறக்கினான். உடைவது சட்டென்று குறைந்தது. ரிவ்யூவில் சார் அந்த இடைவெளியைப் பற்றித்தான் முதல் கேள்வி கேட்டார். நாங்கள் ஐவரும் அவனைப் பார்த்தோம். தமிழிலேயே திக்கித் திணறிச் சொன்னான். சார் தலையாட்டிக் குறித்துக்கொண்டார்.

இதனால் அவன் அரியர் தானாக விழுந்துவிடவில்லை. மூன்று பேப்பரும் அவன்தான் உட்கார்ந்து எழுத வேண்டும். ராத்திரி பதினோரு மணிக்கு மேல் ஆட்டத்தை நிறுத்திவிட்டு அவனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். நாங்கள் சொல்லிக் கொடுப்பது ஒரு வகை அசிஸ்ட் என்றால், பரீட்சை ஹாலில் அவன் தனி ஆள். அங்கே யாரும் ஓடிவந்து மின்னல் தூண் எழுப்ப முடியாது!

முட்டுக்கட்டை

கார்த்திகை தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் பஞ்ச ரதங்கள் மாட வீதியில் வருவதை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அம்மன் தேரைப் பெண்களே இழுப்பார்கள், சண்டிகேஸ்வரர் தேரைச் சின்னப் பிள்ளைகள் இழுப்பார்கள். எல்லார் கண்ணும் மேலே சாமி மேல் இருக்கும். கேமரா வடம் பிடிக்கும் கூட்டத்தின் மேல் இருக்கும். பெரிய தேரின் சக்கரத்தடியில் கட்டையோடு குனிந்து நிற்பவர்களை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் அவர்கள்தான். ஒரு விநாடி தவறினால் தேர் வீட்டுத் திண்ணையில் ஏறிவிடும். நாமோ யாராவது குறுக்கே வந்தால் "முட்டுக்கட்டை போடாதே" என்று திட்டப் பழகியிருக்கிறோம்! மெக்கானிக்கல் படிக்கிறவனாவது அந்த வார்த்தையை யோசித்துச் சொல்ல வேண்டும்.

2025-ல் இன்னொரு மார்வெல் சண்டை ஆட்டத்தை அறிவித்தார்கள். வேறு கம்பெனி செய்வது. அணிக்கு நாலு பேராம். ஸ்டார்ம் இருக்கிறாள். யார் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று இப்போதே எங்கள் ரூமில் வாக்குவாதம் ஆரம்பித்துவிட்டது. அது நடக்கட்டும்.

இரண்டாம் ஆண்டுத் தம்பி தங்கைகளுக்கு மட்டும் ஒரு வார்த்தை. அடுத்த வருடம் நீங்களும் புராஜெக்ட் பட்டியல் எழுதுவீர்கள். மார்க் வரிசையில் மேலிருந்து ஆறு பெயரை எழுதுவது சுலபம். அப்படி எழுதும் முன் ஒர்க் ஷாப் பக்கம் ஒரு நடை போய் வாருங்கள். லேத் பக்கத்தில் யாரும் கூப்பிடாமல் நிற்கும் ஒருவன் இருப்பான். லேட்டரல் என்ட்ரியில் வந்து இன்னும் யாரோடும் பேசிப் பழகாத ஒருத்தி இருப்பாள். "எங்க பேட்ச்ல வர்றியா?" என்று கேளுங்கள். பெயரைப் பட்டியலில் எழுதும்போது முழுப் பெயராக, இனிஷியலோடு எழுதுங்கள்.